படிக்க முடியாத எழுத்து... அதையே ஓவியமாக்கிய மெட்ராஸ் ஓவியர்! யார் இந்த கே.சி.எஸ். பணிக்கர்?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள்ள எட்டிப் பாருங்க. இரும்புத் துண்டு மேல சாக்பீஸால ஒரு நம்பர், ஒரு அம்புக்குறி, ஒரு வட்டம், பக்கத்துல யாரோ போட்ட இனிஷியல். மெஷின்ல நிக்கிறவருக்கு அது அளவு, அது ஆர்டர், அது கணக்கு. வெளியில இருந்து போற நமக்கு ஒண்ணும் புரியாது. ஆனா கண்ணு அங்கேயே ஒரு நொடி நிக்கும்.

புரியாத எழுத்து முன்னாடி கண் நிற்கிற அந்த ஒரு நொடியை, 60 வருஷத்துக்கு முன்னாடியே கேன்வாஸில் பிடித்து வைத்தவர் ஒருவர் இருந்தார். சென்னையில் வாழ்ந்தவர். கலைக் கல்லூரி முதல்வராக இருந்தவர். ஓவியம் முழுக்க வரிவரியாக எழுதித் தள்ளினார். ஆனால் அதில் ஒரு வார்த்தையைக்கூட யாராலும் படிக்க முடியாது. படிக்க முடியக் கூடாது என்பதுதான் அவர் திட்டமே.

அவர் பெயர் கே.சி.எஸ். பணிக்கர். இன்று உலகம் முழுக்க கையெழுத்தையே ஓவியமாகக் காட்டும் கலைஞர்கள் பேசப்படுகிறார்கள். ஆனா நம்ம ஊரில் இதைச் செய்தவரைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்?

தந்தி ஆபீஸில் தொடங்கிய வாழ்க்கை

சங்கரன் பணிக்கர் 1911 மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்தின் வேர் மலபாரில். அன்றைக்கு மலபாரும் கோவையும் ஒரே சென்னை மாகாணம்தான். சின்ன வயசிலேயே தூரிகை கைக்கு வந்துவிட்டது. 12 வயதில் வாய்க்கால், தென்னந்தோப்பு, பச்சைப் பசேல் வயல் என்று இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். 17 வயதுக்குள் மெட்ராஸ் ஓவியக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பிடித்தன.

அடுத்த வருஷமே வாழ்க்கை திசை மாறியது. அப்பா இறந்துபோனார். குடும்பப் பாரம் 18 வயசுப் பையன் தலையில். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

தந்தி என்றால் என்ன என்று இன்றைய இளசுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2013 ஜூலையோடு இந்தியாவில் நிறுத்தப்பட்ட சேவை அது. சுருக்கமான வாசகம், எண்ணி எண்ணிக் காசு. ஓர் எழுத்து மாறினாலும் அர்த்தம் மாறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இளமைக் காலத்தைக் கழித்தவர்தான், பின்னாளில் அர்த்தமே இல்லாத எழுத்துகளால் பெயர் வாங்கினார் என்பது சுவாரசியமான முரண்.

அரசாங்க வேலை, மாதச் சம்பளம். யாராக இருந்தாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் காலம் அது. ஆனால் பணிக்கர் 25 வயதில் அதை உதறினார். 1936ல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். குடும்பம் நடத்த வேண்டிய வயசில் மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்வது லேசுப்பட்ட முடிவு இல்லை.

மெட்ராஸ் கலைப் பள்ளியில் என்ன நடந்தது?

சென்னை சென்ட்ரலில் இறங்கி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் வருமே, சிவப்புச் செங்கல் கட்டடம், அரசு கவின் கலைக் கல்லூரி. அதுதான் அந்தப் பள்ளி. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பணிக்கர் சேர்ந்தபோது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த அதே சிற்பி.

1940ல் படிப்பை முடித்த பணிக்கர், அடுத்த ஆண்டே அங்கே ஆசிரியர் ஆனார். 1944ல் தன்னைப் போன்ற இளம் ஓவியர்களைச் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கு ஓவியம் பற்றிய பேச்சு எல்லாம் பம்பாய், கல்கத்தா பக்கம்தான். மெட்ராஸிலும் ஆள் இருக்கு என்று காட்ட அவர்களுக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. 1961ல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற கலைப் பத்திரிகையும் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தது.

1957ல் ராய் சவுத்ரி ஓய்வு பெற, பணிக்கர் முதல்வர் நாற்காலிக்கு வந்தார். கேரளத்தின் நம்பூதிரி, எம்.வி. தேவன், தமிழ்நாட்டின் கே.எம். ஆதிமூலம், பின்னாளில் பாரிஸில் குடியேறிய வேலு விஸ்வநாதன் என்று அந்த வளாகத்திலிருந்து கிளம்பியவர்களின் பட்டியல் நீளம். இந்தத் தலைமுறையின் கலையைத்தான் இன்று மெட்ராஸ் கலை இயக்கம் என்று அழைக்கிறார்கள்.

அவரைத் தூங்கவிடாத கேள்வி

1954ல் பணிக்கர் ஐரோப்பா போனார். லண்டனிலும் பாரிஸிலும் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே நவீன ஓவியங்களை நேரில் பார்த்தார்.

அதுவரை அவர் வரைந்ததில் வான்கோ, கோகன் போன்ற ஐரோப்பிய ஓவியர்களின் தாக்கம் நன்றாகவே தெரியும். வண்ணம் அடிக்கிற விதம், கோடு போகிற போக்கு எல்லாம். கொஞ்சம் அஜந்தாவும் கலந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கேள்வி முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மேற்கத்திய ஓவியனைப் பார்த்து வரைவதற்கு நான் எதற்கு? அதுக்காக மறுபடியும் ராமாயணக் காட்சி, கிராமத்துப் பெண், குடம் என்று பழசுக்குத் திரும்புவதா? நவீனமாகவும் இருக்கணும், இந்த மண்ணோட ஓவியமாகவும் இருக்கணும். எப்படி?

இந்தக் கேள்வி பணிக்கருக்கு மட்டும் சொந்தமில்லை. சுதந்திரம் கிடைத்து சில வருஷமே ஆன நாட்டில் எழுத்தாளர், சினிமாக்காரர், கட்டடக் கலைஞர் என்று எல்லோரையும் துரத்தியது. பணிக்கருக்கு விடை கிடைத்த இடம்தான் யாரும் எதிர்பார்க்காதது.

ஒரு கணக்கு நோட்டு காட்டிய வழி

ஒரு மாணவனுடைய கணக்கு நோட்டின் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், அல்ஜீப்ரா எழுத்துகள், நடுவில் ஒரு முக்கோணம், ஒரு வட்டம், அடித்தல் திருத்தல். நாமெல்லாம் அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால் கணக்கு சரியா தப்பா என்று பார்ப்போம். பணிக்கர் அதை ஒரு படமாகப் பார்த்தார். எழுத்து எங்கே கூட்டமாக நிற்கிறது, எங்கே வெள்ளை விட்டிருக்கிறது, கோடு எப்படி வளைகிறது என்று பார்த்தார்.

அங்கிருந்துதான் 1963ல் 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' வரிசை தொடங்கியது. தமிழில் சொன்னால் வார்த்தைகளும் குறியீடுகளும். அப்போது அவருக்கு வயது 52. ஏற்கெனவே பெயர் வாங்கிய ஓவியர், கல்லூரி முதல்வர். அந்த வயசில் அதுவரை வரைந்த பாணியைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுசாக ஆரம்பித்தார்.

முதலில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் வந்தன. பிறகு அவையும் போய், மலையாள எழுத்தின் சாயல் கொண்ட வளைவுகள் வந்தன. சாயல்தான், எழுத்து இல்லை. பார்த்தால் நம்ம பக்கத்து எழுத்து மாதிரியே இருக்கும். சுழி இருக்கும், கொம்பு இருக்கும். கிட்டப்போய்க் கூட்டிப் படித்தால் ஒரு சொல்லும் தேறாது.

அந்த ஓவியத்தில் என்னதான் இருக்கும்?

மெல்லிசாகப் பூசிய வெளிர் நிறப் பின்னணி. அதன் மேல் ஜாதகக் கட்டம் போல சதுரங்கள். வரிசை வரிசையாகப் பொடி எழுத்துகள். இடையிடையே ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பாம்பு, சில வண்ணப் புள்ளிகள், அட்டவணை போல ஏதோ ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய ஏட்டுச் சுவடியைப் பெரிதாக்கி மாட்டியது மாதிரி இருக்கும்.

நாம் எல்லோரும் என்ன செய்வோம்? கிட்டப் போவோம். படிக்கப் பார்ப்போம். இது ஏதோ மந்திரமா, யாருடைய ஜாதகம், என்ன மொழி என்று தேடுவோம். எதுவும் கிடைக்காது. கொஞ்சம் எரிச்சல்கூட வரும். அதுக்கப்புறம்தான் வேறு வழியில்லாமல் கண் அதைப் படமாகப் பார்க்கத் தொடங்கும். கோடுகளின் ஓட்டம், வண்ணத்தின் அமைதி, ஒரு கை நகர்ந்து போன தடம் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

அவருடைய ஓவியம் நம்மைச் சீண்டுவது இப்படித்தான். எழுதப் படிக்கத் தெரிந்த யாராலும் எழுத்தைப் பார்த்தவுடன் படிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பழக்கத்தை ஓவியர் ஒரு நிமிஷம் கழற்றி வைக்கச் சொல்கிறார்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதுசும் இல்லை. கணக்கு நோட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி போடுகிறோம். அதை யாராவது 'உ' என்று வாசிக்கிறோமா? கடை வாசலில் தொங்கும் யந்திரத் தகட்டில் கட்டம் கட்டமாக எழுத்து இருக்கும். முதலாளியே அதைப் படித்திருக்க மாட்டார், ஆனா அது அங்கே இருக்கணும். படிப்பதற்கு இல்லாமல் இருப்பதற்காகவே எழுதுகிற பழக்கம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பணிக்கர் அதை ஆர்ட் கேலரிக்குள் கொண்டுபோய் மாட்டினார்.

எழுத்துக்காகச் சண்டை நடந்த ஊரில்...

இந்த ஓவியங்கள் பிறந்த காலத்தையும் இடத்தையும் கவனிக்க வேண்டும். 1963ல்தான் மத்திய அரசின் ஆட்சி மொழிச் சட்டம் வந்தது. 1965 ஜனவரியில் சென்னை மாநிலம் முழுக்க இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. அதற்கும் முன்பு 1950களிலேயே ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்து தார் பூசி அழிக்கப்பட்டது. 1956ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, பணிக்கரின் பூர்வீகமான மலபார் கேரளத்தோடு போனது. அவர் சென்னையிலேயே இருந்துவிட்டார்.

அதாவது, எந்தப் பலகையில் எந்த எழுத்து இருக்கணும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது கோவையில் பிறந்த ஒரு மலையாளி, சென்னையில் உட்கார்ந்து, எந்த மொழிக்கும் சொந்தமில்லாத எழுத்தை வரைந்துகொண்டிருந்தார். அதை அரசியல் பதிலாக அவர் முன்வைத்தார் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய தேடல் ஓவியம் சார்ந்தது. ஆனால் அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது படிக்க முடியாத அந்த வரிகளுக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

இதெல்லாம் ஏமாற்று வேலையா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அர்த்தமே இல்லாத எழுத்தை எழுதிவிட்டு ஓவியம் என்றால் எப்படி? ஜாதகக் கட்டம், சுவடி, சுழி என்று பழைய சமாசாரத்தைக் காட்டி இந்தியத்தன்மை என்று விற்பதா? நியாயமான சந்தேகங்கள்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் தாந்திரீகக் குறியீடுகளைப் பயன்படுத்தும் ஓவியம் இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பெரிய அலையாக வந்தது. கலை விமர்சகர்கள் சிலர் பணிக்கரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் தாந்திரீகத்தில் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் வகுத்து வைத்த பொருள் உண்டு. பணிக்கரின் குறியீடுகள் அவரே உருவாக்கியவை. வழிபாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அந்த வடிவத்தின் அழகை எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்த அர்த்தத்தை இறக்கி வைத்தார் என்று சொல்லலாம்.

ஏமாற்று வேலையா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே ஓரளவு பதில் சொல்கிறது. விற்கிற பாணி கையில் இருந்தும் 52 வயதில் அதை விட்டார். அடுத்த 14 வருஷம், சாகிற வரைக்கும் இந்த ஒரே தேடலில் இருந்தார்.

ஓவியர்களுக்கு என்று ஒரு ஊர்

படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? மாணவர்களைப் பற்றி பணிக்கருக்கு இருந்த பெரிய கவலை இதுதான். நல்லா வரைகிற பையன் படிப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவான். தூரிகை மூலையில் கிடக்கும். வீட்டுக் கஷ்டத்துக்காகத் தந்தி ஆபீஸுக்குப் போன பணிக்கருக்கு இந்த வலி நன்றாகவே தெரியும்.

அவர் கண்ட வழி ரொம்ப நடைமுறையானது. ஓவியம் விற்காவிட்டால் பரவாயில்லை, கைவினைப் பொருள் விற்கும். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி, உலோக வேலை, தோல் வேலை இவற்றைச் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம். மிச்ச நேரத்தில் யாருக்கும் கட்டுப்படாமல் வரையலாம். அதற்காகக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள்.

அந்தப் பணத்தைச் சேர்த்து 1966ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். சுமார் 30 ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்த அந்தக் கிராமத்துக்குச் சோழமண்டலம் என்று பெயர். இன்றைக்கு ஈசிஆரில் சென்ட் கணக்கில் விலை பேசுகிற இடம் அது. அன்றைக்கு மணல்மேடும் சவுக்குத் தோப்பும்தான். குடிசைகளில் தொடங்கியது வாழ்க்கை.

அரசாங்கமோ பெரிய பணக்காரரோ கட்டிக் கொடுத்த ஊர் இல்லை அது. கலைஞர்கள் தங்கள் கையால் சம்பாதித்து, கூட்டாக நடத்திய ஊர். இந்தியாவில் இப்படி நிலைத்து நின்ற முயற்சிகள் மிகக் குறைவு. ஓவியத்தில் கனவு கண்டவர் கணக்கிலும் கெட்டிக்காரர்தான். 1967ல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர், மிச்ச வாழ்நாளைச் சோழமண்டலத்துக்கே கொடுத்தார்.

எழுத்தை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் அங்கே அவர் ஒருவர் மட்டுமல்ல. சோழமண்டலத்தில் வாழ்ந்த ஜே. சுல்தான் அலியும் பழங்குடிக் கதைகள் போன்ற உருவங்களோடு எழுத்துகளைக் கலந்தார். பணிக்கரின் மாணவர் தலைமுறையைச் சேர்ந்த ஆதிமூலம், தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் வரைந்து கொடுத்த தலைப்பெழுத்துகள் தனி ரகம். அவை படிக்க முடிந்த எழுத்துகள், ஆனாலும் படங்கள்.

உலகத்தில் வேறு யார் இப்படிச் செய்தார்கள்?

கிட்டத்தட்ட அதே காலத்தில் உலகின் வேறு மூலைகளிலும் இது நடந்தது. அமெரிக்கரான சை ட்வோம்ப்ளி கேன்வாஸில் சாக்பீஸ் கிறுக்கல் மாதிரி சுழித்துச் சுழித்து வரைந்தார். என் பையன்கூட இப்படிக் கிறுக்குவான் என்று இன்றும் அவர் படத்தின் முன் பேச்சு வரும். அர்ஜென்டினாவின் லியோன் ஃபெராரி 1960களில் படிக்க முடியாத கடிதங்களைப் போன்ற ஓவியங்கள் வரைந்தார்.

1980களின் கடைசியில் சீனாவின் ஷு பிங், எந்த அகராதியிலும் இல்லாத சுமார் 4,000 சீன எழுத்துகளைத் தானே உருவாக்கி, மரக்கட்டையில் செதுக்கி, புத்தகமாக அச்சிட்டார். பல நூற்றாண்டுகளாக எழுத்தை மதித்து வந்த நாட்டில் அது பெரும் சர்ச்சை ஆனது. 1990களில் ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாத், பெண்களின் புகைப்படத்தில் முகத்தின் மேலும் கையின் மேலும் பாரசீக வரிகளை மையால் எழுதினார்.

பணிக்கர் இவர்களைப் பார்த்துச் செய்யவில்லை. ஷு பிங்குக்கு 20 வருஷத்துக்கும் மேல் முந்தியவர் அவர். ஆனாலும் உலகக் கலை வரலாறு பேசும்போது நியூயார்க்கும் பெய்ஜிங்கும் வருகிற வேகத்தில் ஈஞ்சம்பாக்கம் வருவதில்லை.

கடைசி நாட்கள்

1976ல் மத்திய லலித் கலா அகாடமி தன் உயரிய கௌரவமான ஃபெலோஷிப்பை அவருக்கு வழங்கியது. அடுத்த சில மாதங்களிலேயே, 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். வயது 65.

அவருடைய மகன் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் தனிப் பெயர் பெற்றவர். சோழமண்டலத்தைத் தொடர்ந்து கட்டிக் காத்தவர்களில் முக்கியமானவர். 2017ல் அவரும் மறைந்தார்.

ஒரு பார்வையில் பணிக்கர்

• 1911 - கோயம்புத்தூரில் பிறப்பு
• 1936 - தந்தித் துறை வேலையை விட்டு மெட்ராஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தார்
• 1944 - முற்போக்கு ஓவியர் சங்கம்
• 1954 - லண்டன், பாரிஸில் கண்காட்சி
• 1957 - கலைப் பள்ளி முதல்வர்
• 1963 - 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' ஓவிய வரிசை தொடக்கம்
• 1966 - சோழமண்டலம் கலைஞர் கிராமம்
• 1977 - மறைவு

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் போனால் சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. 2009ல் திறக்கப்பட்ட அதன் அருங்காட்சியகத்தில் பணிக்கரும் அவர் காலத்து மெட்ராஸ் ஓவியர்களும் சிற்பிகளும் செய்த படைப்புகள் உள்ளன. கேரளா பக்கம் போகிறவர்கள் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கர் பெயரிலேயே இருக்கும் கூடத்தைப் பார்க்கலாம். காக்களூர், திருவள்ளூர் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து போகிறவர்களுக்கு அவர் படித்த, பாடம் நடத்திய கல்லூரி நடக்கிற தூரம்தான்.

போனால் ஒரு விஷயம். ஓவியத்தின் முன்னாடி நின்றதும் போனை எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறக்காதீங்க. அதுக்கும் ஒண்ணும் புரியாது. பேசாம ரெண்டு நிமிஷம் பாருங்க. தப்பா படிச்சிடுவோமோ என்கிற பயம் அங்கே யாருக்கும் தேவையில்லை. பட்டம் வாங்கினவரும், கையெழுத்துப் போட மட்டுமே தெரிஞ்சவரும், எழுத்தே தெரியாதவரும் அந்தப் படத்துக்கு முன்னாடி ஒண்ணுதான்.